ஆங்கில இயக்கவினைகளின் பொருண்மை வேறுபாடுகளும் தமிழாக்கமும்

1. முன்னுரை

ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்தலைக் குறிக்கும் வினைகள் எல்லா மொழிகளிலும் அடிப்படைச் சொற்களஞ்சியத்தைச் சேர்ந்தவை. ஆயினும் இவ்வினைகளின் தொகையும் அவை பொருளைப் பகுத்துக்கொள்ளும் முறையும் மொழிக்கு மொழி வேறுபடுகின்றன. ஆங்கிலத்தில் இவற்றின் தொகை மிகப் பெரிது. பெத் லெவின் 1993இல் வெளியிட்ட ஆங்கில வினை வகைகள் பற்றிய நூலில், 'ரன்' என்னும் வினையைத் தலைமையாகக் கொண்ட ஒரு பிரிவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வினைகள் இடம்பெற்றுள்ளன. இவற்றுள் பல ஒருபொருட் பன்மொழிபோலத் தோற்றமளிப்பவை. 'ஸ்ட்ரோல்', 'சான்டர்', 'ஆம்பிள்' ஆகிய மூன்றையும் 'மெல்ல நட' என்றும், 'ஸ்டாகர்', 'டாட்டர்', 'ரீல்' ஆகிய மூன்றையும் 'தள்ளாடு' என்றும் எழுதிவிடலாம். அவ்வாறு எழுதுவது தவறன்று. ஆனால் ஆங்கில ஆசிரியர் அம்மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்ததற்கான காரணம் அவ்விடத்தில் மறைந்துவிடுகிறது.

இவ்வினைகள் எந்தெந்தப் பொருண்மைக் கூறுகளால் வேறுபடுகின்றன என்பதும், அக்கூறுகளைத் தமிழ் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கிறது என்பதும், இதனால் மொழிபெயர்ப்பாளரும் அகராதியாளரும் பெறத்தக்க பயன் யாது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. ஆங்கில வடிவங்கள் தமிழ் எழுத்தில், ஒற்றை மேற்கோள் குறிக்குள் தரப்படுகின்றன.

2. வழியும் பாங்கும்

இயக்க நிகழ்ச்சியின் பொருண்மையை லெனார்டு டால்மி 1985இலும் 2000இலும் வெளியிட்ட ஆய்வுகளில் விரிவாகப் பகுத்துக் காட்டியுள்ளார். அவர் கருத்துப்படி, இயங்கும் பொருள், இயக்கம், அது செல்லும் வழி, வழியை அறுதியிட உதவும் தளம் என்னும் நான்கும் நிகழ்ச்சியின் உள்ளுறுப்புகள். இயக்கத்தின் பாங்கும் காரணமும் அதனோடு இணைந்து வருவன. உள்ளே, வெளியே, மேலே, குறுக்கே என்பன வழி. நொண்டி, ஓடி, உருண்டு என்பன பாங்கு.

ஆங்கிலம் பெரும்பாலும் பாங்கினை வினையடியில் பொதிந்து, வழியை 'இன்டு', 'அவுட்', 'அப்', 'அக்ராஸ்' போன்ற சொற்களுக்கு விட்டுவிடுகிறது. தமிழில் நிலைமை இதற்கு மாறானது. நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, கட, புறப்படு, திரும்பு, நெருங்கு என வழியைக் குறிக்கும் வினைகள் தமிழின் அன்றாட வினைகள். பாங்கு தேவைப்படுமாயின் அது வினையெச்சமாக முன்னே வருகிறது.

(1) 'தி பாய் லிம்ப்ட் இன்டு தி ரூம்'
(2) சிறுவன் நொண்டிக்கொண்டே அறைக்குள் நுழைந்தான்

முதல் தொடரில் முற்றுவினை பாங்கினை உணர்த்துகிறது. இரண்டாவதில் முற்றுவினை வழியை உணர்த்துகிறது. இவ்வேறுபாட்டின் அடிப்படையில் வழியை வினையில் கொள்ளும் மொழிகள், வழியை வினைக்கு வெளியே கொள்ளும் மொழிகள் எனப் பகுத்த டால்மி, ஸ்பானியம், ஜப்பானியம் முதலியவற்றோடு தமிழையும் முன்னதில் சேர்த்துள்ளார்.

ஆங்கிலத்திலும் வழிவினைகள் இல்லாமல் இல்லை. 'என்டர்', 'எக்சிட்', 'அசென்ட்', 'டிசென்ட்' போன்றவை பிரெஞ்சு, இலத்தீன் வழியாக வந்து சேர்ந்தவை. ஆதலின் 'கோ இன்' என்பதற்கும் 'என்டர்' என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிதும் வழக்குநிலை வேறுபாடே. பின்னது முறைசார்ந்த நடைக்குரியது. தமிழில் 'நுழை' அத்தகைய கனம் உடையதன்று. வீட்டுப் பேச்சில் வரும் 'நுழைந்தான்' என்பதை எங்கும் 'என்டர்' என்று பெயர்த்தால் ஆங்கில நடை அலுவலக நடையாகிவிடும்.

3. பாங்கு வினைகளை வேறுபடுத்தும் கூறுகள்

ஒத்த பொருளுடையனபோல் தோன்றும் பாங்கு வினைகளை வேகம் என்னும் ஒரே அளவுகோலில் ஏறுவரிசையாகவோ இறங்குவரிசையாகவோ அடுக்க முயல்வது பயன் தராது. அவற்றை வேறுபடுத்துவன குறைந்தது நான்கு தனித்தனிக் கூறுகளாகும்.

3.1 உடலியக்கம்

'லிம்ப்', 'ஹாபிள்', 'ஷஃபிள்' ஆகிய மூன்றும் இயல்பற்ற நடையைக் குறிப்பன. 'லிம்ப்' என்பதில் ஒரு கால் மற்றதைவிடத் தாழ்ந்த நிலையிலுள்ளது; நடையின் சமச்சீர் கெடுகிறது. 'ஹாபிள்' என்பதில் நோவினாலோ தடையினாலோ இரு கால்களும் கட்டுண்டவைபோல இயங்குகின்றன. குதிரையின் கால்களைத் தளையிடுதலையும் இவ்வினை குறிக்கும். 'ஷஃபிள்' என்பதில் பாதம் தரையிலிருந்து எழுவதில்லை. நோய் இன்றியமையாததன்று, சோம்பலோ தளர்ந்த செருப்போ போதும். தமிழில் முறையே 'தாங்கித் தாங்கி நட', 'அடிமேல் அடிவைத்துத் தத்தி நட', 'காலைத் தேய்த்துத் தேய்த்து நட' எனலாம். தமிழில் அடுக்கி வரும் வினையெச்சம் ஒவ்வோர் அடியிலும் அவ்வியக்கம் திரும்ப நிகழ்வதைக் காட்டுவது நோக்கத்தக்கது.

எல்லா இடங்களிலும் ஆங்கிலமே நுட்பமானது என்று கருதலாகாது. 'கிரால்' என்னும் ஒரு வினை நிற்குமிடத்தில் தமிழ் குழந்தைக்குத் 'தவழ்' என்றும் பாம்பிற்கும் எறும்பிற்கும் 'ஊர்' என்றும் நெரிசலில் சிக்கிய வண்டிகளுக்கு 'ஊர்ந்து செல்' என்றும் பகுத்துக் கூறுகிறது. குழந்தை ஊர்ந்தது என்றால் தமிழ் வாசகர் மனத்தில் வேறு காட்சி தோன்றும்.

3.2 முயற்சியும் தளமும்

'டிரட்ஜ்', 'பிளாட்' இரண்டும் மெதுவான, கனத்த நடையைக் குறிப்பவை. விரைவுப் பொருள் தரும் வினையடை இரண்டனோடும் எளிதில் பொருந்தாது. ஆயினும் 'டிரட்ஜ்' என்பதில் துன்பம் உண்டு: சேறு, பனி, நெடுந்தொலைவு, களைப்பு இவற்றுள் ஒன்று நடப்பவரை எதிர்க்கிறது. 'பிளாட்' என்பதில் சிறப்புக் கூறு இடைவிடாமை. செக்கு மாடு துன்புறாமலும் 'பிளாட்' செய்யலாம். இக்கூறே அவ்வினை விடாமுயற்சியுடன் மந்தமாக வேலை செய்தலுக்கும் விரிந்து செல்லக் காரணமாகிறது.

'ஸ்லிப்', 'ஸ்லைட்', 'ஸ்கிட்', 'கிளைட்' என்னும் தொகுதியில் தளத்தோடு கொள்ளும் தொடர்பு முதன்மை பெறுகிறது. 'ஸ்லைட்' தளத்தை விட்டு நீங்காத தொடர் இயக்கம். 'ஸ்லிப்' பிடிமானம் இழக்கும் கணம். 'ஸ்கிட்' பெரும்பாலும் உருளியுடைய ஊர்தி தன் போக்கை இழத்தல். 'கிளைட்' உராய்வும் முயற்சியும் புலப்படாத இயக்கம். தமிழில் சறுக்கு, வழுக்கு, நழுவு என்னும் வினைகள் இக்களத்தை வேறு வகையாகப் பகுத்துக்கொள்கின்றன: கால் வழுக்குகிறது, கையிலிருந்து கிண்ணம் நழுவுகிறது, மணல்மேட்டில் சிறுவர் சறுக்குகின்றனர்.

3.3 கட்டுப்பாடு

'ஸ்டாகர்', 'டாட்டர்', 'ஸ்டம்பிள்', 'லர்ச்' ஆகியவை உடல் சமநிலை இழத்தலைப் பற்றியவை. 'ஸ்டாகர்' என்பதில் பளுவோ அடியோ மதுவோ உடலை அலைக்கிறது. வலிமை மிக்கவரும் மூட்டையின்கீழ் 'ஸ்டாகர்' செய்வர். 'டாட்டர்' என்பதில் காரணம் உள்ளிருந்தே வருகிறது: நடைபழகும் குழந்தை, முதியவர், ஆடி நிற்கும் உயரமான அடுக்கு. 'ஸ்டம்பிள்' ஒரு கண நிகழ்ச்சி. கால் ஏதேனும் ஒன்றில் தட்டுகிறது. 'லர்ச்' திடீரென ஒருபுறம் சாய்தல். பேருந்தும் கப்பலும் எழுவாயாகலாம். இவ்வினைகளோடு 'வேண்டுமென்றே' என்னும் வினையடையைச் சேர்த்தால் நடிப்பு என்னும் பொருளே கிட்டும். இதனை ஒரு சோதனையாகக் கொள்ளலாம்.

இங்குத் தமிழ் ஓர் இலக்கண வேறுபாட்டைக் கொண்டுள்ளது. ஆங்கிலத்தில் தடுமாறுபவரே எழுவாய். தமிழில் 'அவனுக்குக் கால் இடறியது' என உறுப்பு எழுவாயாகவும் ஆள் நான்காம் வேற்றுமையிலும் வருதல் இயல்பு. கட்டுப்பாடின்மையை ஆங்கிலம் வினையின் பொருளுக்குள் வைக்கிறது. தமிழ் அதனைத் தொடரமைப்பிலேயே காட்டவல்லது.

3.4 உளநிலையும் நோக்கமும்

'ஸ்ட்ரோல்' இன்பத்திற்காக நடத்தல். இதற்குத் தமிழில் 'உலாவு' பொருந்தும். 'சான்டர்' என்பதில் கவலையின்மை பிறர் கண்ணுக்குப் புலப்படுகிறது. தேர்வறைக்குக் காலந்தாழ்ந்து வரும் மாணவன் 'சான்டர்' செய்து வந்தான் எனில் கண்காணிப்பாளர் சினங்கொள்வதற்குக் காரணம் அவ்வினையிலேயே இருக்கிறது. அங்கே 'உலாவி வந்தான்' என்பது போதாது, 'ஒன்றும் நடவாததுபோல ஆடி அசைந்து வந்தான்' எனல் வேண்டும். 'ஆம்பிள்' நடையின் எளிமையை மட்டுமே கூறும். முதலில் குதிரையின் ஒருவகை நடைக்கு வழங்கியது அது.

'கிரீப்', 'ஸ்நீக்', 'ஸ்லிங்க்' மூன்றும் ஓசையின்றி நகர்தலைக் குறிக்கலாம். 'கிரீப்' என்பதற்கு மெதுவும் அமைதியும் போதும். நிழலும் அவ்வாறு நகரும். 'ஸ்நீக்' செய்வதற்கு, அறியக்கூடாத மற்றொருவர் இருத்தல் வேண்டும். எனவே உயிரற்றது நேர்ப்பொருளில் இதற்கு எழுவாயாகாது. 'ஸ்லிங்க்' என்பதில் வெட்கமோ குற்றவுணர்வோ அச்சமோ கூடுகிறது. அதட்டப்பட்ட நாய் விலகிச் செல்வது அவ்வாறே. தமிழில் 'பதுங்கிப் பதுங்கி', 'ஒருவரும் அறியாமல்', 'தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு' என இம்மூன்றையும் பிரித்துக் காட்டலாம்.

'ஃபிளீ' என்னும் வினை ஓட்டத்தின் வகையெனத் தோன்றினும் அவ்வாறன்று. அதில் பாங்கே இல்லை. ஆபத்தினின்று நீங்குதலே உண்டு. கப்பலேறிச் செல்லும் அகதியும் 'ஃபிளீ' செய்பவரே. எனவே எங்கும் 'தப்பியோடு' என்று எழுதாமல், 'தப்பிச் செல்' என்பதையும் இடமறிந்து கொள்ளல் வேண்டும்.

4. ஒரு வினையில் இரு கூறுகள்

'கிளைம்ப்' என்னும் வினை வழியையும் பாங்கையும் ஒருங்கே கொண்டது. ஃபில்மோர், ஜாக்கெண்டாஃப் முதலியோர் 1980களில் இதனை விவாதித்துள்ளனர். மேல்நோக்கிய வழி, கைகால்களால் பற்றி முயலும் பாங்கு ஆகிய இரு கூறுகளுள் ஏதேனும் ஒன்று இல்லாதபோதும் வினை நிற்கும். இரண்டும் இல்லாதபோது நில்லாது. மரத்தில் ஏறியவன் பற்றிப் பற்றி இறங்குவது 'கிளைம்ப் டவுன்'. தொடர்வண்டி மலைமேல் செல்வதும் 'கிளைம்ப்'. ஆனால் அத்தொடர்வண்டி மலையிலிருந்து இறங்குவதைக் 'கிளைம்ப் டவுன்' என்பது வழக்கன்று.

தமிழில் 'ஏறு' என்பது வழியை மட்டுமே உடையது. ஆதலின் பற்றி இறங்குதலை ஏறுதலின் வகையாக ஒருபோதும் கூற இயலாது. 'கிளையைப் பற்றிப் பற்றி இறங்கினான்' என்றே கூறவேண்டும். 'கிளைம்ப்' = 'ஏறு' என்னும் ஒற்றைச் சமன்பாடு இங்குப் பிழைபடுகிறது.

5. வரவும் செலவும்

'கம்', 'கோ' என்பன பாங்கினாலன்றிச் சுட்டினால் வேறுபடுவன. ஃபில்மோர் 1971இல் ஆற்றிய சுட்டுப்பொருண்மைச் சொற்பொழிவுகளில், பேசுவோர் இடம் நோக்கியும் கேட்போர் இடம் நோக்கியும் நிகழும் இயக்கத்தைக் 'கம்' குறிக்கும் என விளக்கினார். தமிழ் மரபிற்கு இது புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கனுள் தரவும் வரவும் தன்மை, முன்னிலை ஆகிய ஈரிடத்தன எனவும், செலவும் கொடையும் படர்க்கைக்குரியன எனவும் வரையறுக்கிறது. ஆகவே 'நாளை உங்கள் வீட்டிற்கு வருகிறேன்' என்னும் தமிழ் வழக்கும் ஆங்கில வழக்கும் இங்கு ஒன்றுபடுகின்றன. ஸ்பானியம் இதனின் வேறுபட்டது. அங்குக் கேட்போர் இடம் நோக்கிச் செல்வதும் செலவாகவே கூறப்படும்.

எனினும் மூன்று இடங்களில் மொழிபெயர்ப்பாளர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். முதலாவது, விடைபெறும்போது கூறும் 'வருகிறேன்' இயக்கத்தைக் குறிப்பதன்று, மரபு பற்றியது. அதனைக் 'கம்' கொண்டு பெயர்த்தால் பொருள் தலைகீழாகும்.

இரண்டாவது, கதையாடலில் 'ஹி கேம் இன்டு தி ரூம்', 'ஹி வென்ட் இன்டு தி ரூம்' என்னும் இரண்டும் நிகழ்ச்சியால் ஒன்றே, நோக்குநிலையால் வேறு. முன்னதில் வாசகர் அறைக்குள் நின்று பார்க்கிறார். பின்னதில் வெளியே நிற்கிறார். இரண்டையும் 'நுழைந்தான்' என்றால் நோக்குநிலை அழிந்துவிடும். இங்கு 'உள்ளே வந்தான்', 'உள்ளே போனான்' என்பனவே ஏற்றவை.

மூன்றாவது, 'பிரிங்' கொண்டுவரப்படுவது யாது என்பதைப் பொருட்படுத்துவதில்லை. தமிழில் பொருளைக் கொண்டு வருகிறோம், ஆளை அழைத்து வருகிறோம், மாட்டையும் வண்டியையும் ஓட்டி வருகிறோம். 'ஃபெட்ச்' என்னும் ஓரசைச் சொல்லோ, 'போய் எடுத்து வா' என மூன்று வினைகளாக விரிகிறது.

6. தமிழின் பங்கீடு

மேற்கண்டவற்றால், ஆங்கிலம் ஒரே வினையடியில் அடக்கும் கூறுகளைத் தமிழ் பல இடங்களில் பங்கிடுகிறது எனலாம். வழி முற்றுவினையிலும், உடலியக்கம் வினையெச்சத்திலும், வேகமும் ஓசையும் 'விறுவிறு', 'குடுகுடு' போன்ற இரட்டைக்கிளவிகளிலும், சுட்டு 'வா', 'போ' என்பவற்றிலும் இடம்பெறுகின்றன. 'கிழவர் காலைத் தேய்த்துத் தேய்த்துப் படியிலிருந்து இறங்கி வந்தார்' என்னும் தொடரில் பாங்கு, வழி, சுட்டு மூன்றும் தனித்தனிச் சொற்களில் அமைந்துள்ளன.

ஆயினும் தமிழை முற்றிலும் வழிவினை மொழி என்பது முழு உண்மையாகாது. 'வீட்டிற்குள் ஓடினான்', 'கிணற்றுக்குள் குதித்தான்' என்பன இயல்பான தொடர்கள். இவற்றில் பாங்கு வினையே இலக்கை ஏற்கிறது. ஆனால் 'வீட்டிற்குள் தள்ளாடினான்', 'வீட்டிற்குள் நொண்டினான்' என்பன வீட்டினுள் இருந்தவாறே அவ்வாறு நடந்தான் என்னும் பொருளையே தருகின்றன. எல்லையைக் கடந்தான் என்பதற்குத் 'தள்ளாடியபடி வீட்டிற்குள் நுழைந்தான்' எனல் வேண்டும். முன்னோக்கிய விசையுடைய ஓடு, குதி, பாய் முதலியன இலக்கை ஏற்கின்றன. நடையின் சீர்கேட்டை மட்டும் கூறுவன ஏற்பதில்லை. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. 'ஸ்டாகர்', 'லிம்ப்' இரண்டும் 'இன்டு' என்பதனோடு தடையின்றி வரும். ஆங்கிலத் தொடரை அமைப்பு மாறாமல் பெயர்ப்போர் பொருளையே மாற்றிவிடும் இடம் இது.

7. மொழிபெயர்ப்பில் இழப்பும் மிகையும்

டேன் ஸ்லோபின் 1996இல் ஆங்கில, ஸ்பானியப் புதினங்களையும் அவற்றின் மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிட்டார். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்திற்குப் பெயர்த்தோர் பாங்கினைப் பலகால் விட்டுவிட்டனர். ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்த்தோர் மூலத்தில் இல்லாத பாங்கினைச் சிலபோது சேர்த்தனர். இவ்விரு போக்குகளும் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கும் நேரக்கூடியவையே.

முதலாவது போக்கிற்குக் காரணம் உண்டு. முற்றுவினையில் அமைந்த பாங்கு ஆங்கில வாசகரின் கவனத்தை அதிகம் ஈர்க்காமல் பின்புலமாக நிற்கிறது. அதே பாங்கு தமிழில் தனிச்சொல்லாக வரும்போது முன்னிலைப்படுகிறது. ஒரு பக்கத்தில் வரும் பத்து இயக்கவினைகளுக்கும் பத்து வினையெச்சங்களைத் தந்தால் மூலத்தில் இல்லாத ஆரவாரம் உண்டாகும். எனவே எப்பாங்கினைக் காப்பது என்பது தெரிவு சார்ந்தது. பின்வரும் நிகழ்ச்சி அதனைச் சார்ந்திருப்பின், அல்லது பாத்திரத்தின் இயல்பை அது காட்டின், அல்லது சூழலில் எதிர்பாராத வினையாக அது இருப்பின் காத்தல் வேண்டும். மழையும் சேறும் முன்னரே வருணிக்கப்பட்டிருப்பின் 'டிரட்ஜ்' என்பதற்கு 'நடந்தனர்' என்பதே போதும்.

இரண்டாவது போக்கு இலக்கியத்தைவிடச் சட்டத்தில் தீங்கு தரவல்லது. தமிழில் அளிக்கப்பட்ட சாட்சியம் ஆங்கிலமாக்கப்படும் நிலையை எண்ணிப் பார்க்கலாம். சாட்சி 'அவன் ஓடினான்' என்கிறார். இதனைப் பெயர்ப்பவர் ஆங்கில நடைக்கு இசைவாக 'ஃபிளெட்' என்றோ 'போல்டட்' என்றோ எழுதினால், சாட்சி கூறாத தப்பிக்கும் நோக்கம் பதிவாகிவிடுகிறது. 'ரன்' என்னும் எளிய வினையே அங்கு நேர்மையானது. சாட்சி 'ஓடிவிட்டான்' என்றிருப்பின் 'விடு' என்னும் துணைவினை இடத்தை விட்டு நீங்கியதைக் காட்டுகிறது. 'ரேன் அவே' என்பது பொருந்தும்.

வினைத் தேர்வு நினைவையே மாற்றவல்லது என்பதற்குச் சான்று உண்டு. எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வில் 45 மாணவர்க்கு வண்டி விபத்துப் படங்களைக் காட்டி, வண்டிகளின் வேகத்தை வினவினர். வினாவில் ஒரு வினை மட்டும் குழுவிற்குக் குழு மாறுபட்டது. தொடுதலைக் குறிக்கும் 'கான்டாக்ட்' என்னும் வினையைக் கேட்டோர் தந்த சராசரி வேகம் மணிக்கு 31.8 மைல், நொறுங்க மோதுதலைக் குறிக்கும் 'ஸ்மாஷ்' என்பதைக் கேட்டோர் தந்தது 40 மைலுக்கு மேல். அவர்களது இரண்டாவது சோதனையில் 'ஸ்மாஷ்' என்பதைக் கேட்டவருள், ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகக் கூறியோர் 50 பேரில் 16 பேர். 'ஹிட்' என்பதைக் கேட்டவருள் 7 பேர். உரசியது, தட்டியது, இடித்தது, மோதியது என்னும் தமிழ் வினைகளுள் சாட்சி பயன்படுத்தியது எது என்பதை மொழிபெயர்ப்பில் காப்பது நடையழகு பற்றிய செய்தியன்று என்பது இதனால் விளங்கும்.

8. முடிவுரை

ஒத்தனபோல் தோன்றும் ஆங்கில இயக்கவினைகள் ஒரே பண்பின் அளவு வேறுபாடுகள் அல்ல. உடலியக்கம், முயற்சி, கட்டுப்பாடு, நோக்கம், வழி, சுட்டு ஆகிய வெவ்வேறு கூறுகளின் தெரிவுகள். தமிழில் இவற்றிற்கு ஆயத்தமான ஒற்றைச் சொல்லைத் தேடுவதைவிட, எக்கூறு அவ்விடத்தில் பயன்படுகிறது எனத் தெளிந்து, தமிழ் அதற்கென வைத்துள்ள இடத்தில் அதனை அமைப்பதே முறையாகும்.

ஆங்கில – தமிழ் அகராதிகள் இவ்வினைகளைத் தொகுதிகளாகப் பதிவு செய்து, ஒவ்வொன்றிற்கும் எழுவாயாக வரத்தக்கது, பொருந்தாத வினையடை, வழிச்சொல்லோடு வரும்போது தமிழ்த் தொடரில் ஏற்படும் மாற்றம் ஆகிய மூன்றையும் எடுத்துக்காட்டுகளுடன் தருதல் வேண்டும். தமிழ்ச் சொற்களுக்கு எடுத்துக்காட்டுத் தொடர்களுடன் பொருள் கூறும் முறையை 1992இல் முதற்பதிப்பாக வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி கையாண்டுள்ளது. அம்முறையை இருமொழி அகராதியிலும் மேற்கொண்டால், 'மெல்ல நட' என்னும் ஒரே விளக்கம் பல வினைகளுக்கு நேராக நிற்கும் நிலை மாறும். சாட்சியத்தைப் பெயர்ப்பவருக்கும் புதினத்தைப் பெயர்ப்பவருக்கும் அது ஒருங்கே துணைபுரியும்.